முப்பது விநாடி

புந்தா அரேனாஸில் ஜூலை மாதம்
ஐந்தரைக்கே இருட்டிவிடும்.
இருட்டியதும் இணையம் போகும்.
மூன்று நாளாய் இதே கதை.

"மோடத்தை அணைத்துவிட்டு
முப்பது விநாடி பொறுங்கள், சென்யோரா."
பொறுத்தேன்.
தகரக் கூரையைக் காற்று
ஆணி ஆணியாக இழுத்துப் பார்த்தது.
பதினேழில் எண்ணிக்கை தவறி
ஒன்றிலிருந்து தொடங்கினேன்.

"விளக்கு என்ன நிறம்?"
சிவப்பு.
"நின்று எரிகிறதா, சிமிட்டுகிறதா?"
நாற்காலியிலிருந்தே எட்டிப் பார்த்தேன்.
ஏதோ சொல்ல வந்து
வாசலோடு திரும்புகிறவர் மாதிரி இருந்தது.
சிமிட்டுகிறது, என்று மட்டும் சொன்னேன்.

"இணைப்பு ராமிரோ பர்ரியா பெயரில் இருக்கிறது.
அவரோடு பேச முடியுமா?"
கடலுக்குப் போயிருக்கிறார்.
"எப்போது வருவார்?"
நண்டுப் பருவம் முடிந்ததும்.
இவ்வளவு சரளமாய் எனக்குப் பொய் வரும் என்று
ஐம்பத்திரண்டு வயதில்தான் தெரிகிறது.
ராமிரோ எட்டுத் தெரு தள்ளி
அவன் அக்கா வீட்டு மாடியில் இருக்கிறான்.
அங்கே இணையம் பிரமாதமாம்.

"பெட்டிக்கு அடியில் ஒரு எண் இருக்கும், படியுங்கள்."
கண்ணாடி எடுக்க எழுந்தேன்.
பச்சை.
வந்து உட்கார்ந்தேன்.
சிவப்பு.
எழுந்தேன், உட்கார்ந்தேன், எழுந்தேன்.
மறுமுனையில் நெஸ்டர் என்கிற அந்தப் பையன்
"என்ன செய்கிறீர்கள்?" என்றான்.
தொலைபேசியைத் தரையில் வைத்து முட்டி போட்டேன்.

ராமிரோவின் நாற்காலி.
பதினொரு வருஷம் ஜன்னலைப் பார்த்துக் கிடந்ததை
ஞாயிற்றுக்கிழமை நான்தான்
கணப்புப் பக்கம் இழுத்துப் போட்டேன்.
அதன் பின்னங்காலுக்கு அடியில்
நூல் மாதிரி வெள்ளைக் கேபிள்.
இருட்டியதும் நான் வந்து உட்கார,
என் எடை மொத்தமும் அதன் மேல்.

"உள்ளே கண்ணாடி இழை, சென்யோரா.
வளைந்தால் வெளிச்சம் போகும்,
மடங்கினால் போகாது."
அவன் ஊரில் மழை பெய்வது கேட்டது.

நாற்காலியை ஒரு சாண் நகர்த்தினேன்.
ஒரே ஒரு சாண். ஜன்னல் பக்கம் இல்லை.

"அவர் கரைக்கு வந்ததும்
இணைப்பை உங்கள் பெயருக்கு மாற்றித் தரச் சொல்லுங்கள்."
சொல்கிறேன்.
"சேவைக்கு ஐந்தில் எத்தனை?"
ஐந்து.

பச்சை விளக்கு அசையாமல் நின்றது.
படிக்க வேண்டிய கடிதங்கள் பதினான்கு,
வங்கியிலிருந்து இரண்டு.
நான் முதலில் திறந்தது
கடல் நிலவரம்.
நீரிணையில் அலை நான்கு மீட்டர்,
சிறுபடகுகள் கரையிலேயே இருக்கவும்.

இருக்கிறான்,
எட்டுத் தெரு தள்ளி.