சாமான் வழக்கு

எக்ளின்டன் கிழக்கில்
தளபாடக் கடைக்கும் டயர் மாற்றும் கொட்டகைக்கும் நடுவே
நீதிமன்றம். பெப்ரவரி.
எல்லாச் சப்பாத்திலும் உப்புக் கறை.
சத்தியம் செய்தாயிற்று:
கூட்டாமல், குறைக்காமல் மொழிபெயர்ப்பேன்.

ஒலிப்பதிவு பதினொரு செக்கன்.
"சாமான் வந்திட்டுது அண்ணை.
பின்பக்கத்தால வாங்கோ.
ஆரிட்டையும் சொல்லிப்போடாதேங்கோ."
குரல், மார்க்கம் வீதியில் பலசரக்குக் கடை வைத்திருக்கும்
தில்லையம்பலம் கருணைநாதனுடையது.
அவர் போட்டிருந்த கோட்டு
வேறு யாருடைய தோளுக்கோ தைத்தது.

ஆங்கிலத்தில் நான் சொன்னதைத் திருப்பித் தமிழாக்கினால்:
பொருள்.
அரசதரப்பு வக்கீல் கேட்டதைத் தமிழாக்கினால்:
என்ன பொருள்?
பாவம், தான் இரண்டு கேள்வி கேட்டது
அவருக்குத் தெரியாது.

தெரிந்த அர்த்தமெல்லாம் சொல்லுங்கள் என்றார் நீதிபதி,
பேனை மூடியைக் கழற்றியபடி.

கழுவக் கிடக்கும் சட்டி பானை.
மிளகாய், மல்லி, பெருஞ்சீரகம்.
வீடு மாறும்போது வானில் ஏற்றுவது, ஏற்றாமல் விடுவதும்.
நாலாவதில் எனக்குத் தொண்டை அடைத்தது.
பத்தாம் வகுப்பில் இதற்கு ஒரு பெயர் படித்தோம்,
இடக்கரடக்கல்;
அடக்கிப் பழகியதை அவையில் அவிழ்ப்பதற்குப்
பெயர் ஏதும் படிக்கவில்லை.
"ஆணின் உறுப்பு" என்றேன், வைத்தியரின் குரலில்.
பின்வாங்கில் இருந்த எங்கள் சனம் நிலத்தைப் பார்த்தது.
கருணைநாதனின் மனைவி
கைக்குட்டைக்குள் குலுங்கினாள்; அழுகை அல்ல.
எழுத்துக்கூட்டிச் சொல்லும்படி
பதிவாளர் பெண் கேட்டாள்.

போதைப்பொருள்?
ஓம், இப்போது பெடியள் அப்படியும் சொல்கிறார்கள்.
எந்தப் பெடியனின் கைபேசியில் பார்த்தேன் என்று
யாரும் கேட்கவில்லை. நல்லவேளை.

வேறு?

வேறொன்று இருந்தது.
தொண்ணூற்றாறில், கொடிகாமத்தில்,
முற்றத்தில் நின்ற ஆமிக்காரனுக்குத் தெரிந்த தமிழ்
இரண்டே சொல்:
"சாமான் எங்க?"
அம்மா குசினிக்குள் ஓடினாள்.
இடியப்பத் தட்டு, அகப்பை, மூக்குடைந்த கேத்தில்
எல்லாவற்றையும் அவன் காலடியில் அடுக்கினாள்.
அண்ணன் கிணற்றடியில்
முகம் கழுவிக்கொண்டிருந்தான்.

சொன்னால் பதிவேறும்.
கருணைநாதனின் பருப்பு மூட்டைக்குள்
ஒரு துவக்கு முளைக்கும்.
"ஆயுதம்" என்றேன்.
ஒரு மூச்சு விட்டு, "முந்தி" என்றேன்.
ஒலிப்பதிவில் இல்லை அந்த முந்தி. எந்த அகராதியிலும் இல்லை.
என் சத்தியத்தில் அந்த இடம் மட்டும்
இன்னும் வெடித்தபடி இருக்கிறது.

மூன்றாம் நாள் வழக்கு விழுந்தது.
மாம்பழமாம்.
கறுத்தக்கொழும்பான், எட்டுப் பெட்டி,
போன ஆனியில் சுங்கத்துக்குத் தெரியாமல் வந்தது.
தண்டம் கட்டினார்.
கோவில் வாசலில் பாதிப் பேர் நம்பினார்கள்.

பிறகு நெடுநாள் அந்தக் கடைக்கு நான் போகவில்லை.
போனபோது காசுமேசையில் அவர்தான்.
"சாமா…" என்று தொடங்கியவர்
இருமினார்.
"எல்லாம் எடுத்தாச்சோ?"
"ஓம்" என்றேன்.
வெண்டிக்காயை இரண்டு தரம் நிறுத்தார்.

அப்போது உள்ளிருந்து, பெட்டி உடைக்கும் பெடியன்,
இங்கே பிறந்தவன், தமிழை நுனிநாக்கில் நிறுத்தி நடப்பவன்,
உரத்துக் கூப்பிட்டான்:
"மாமா, வழக்கு வந்திட்டு! எங்க வைக்க?"

கருணைநாதன் என்னைப் பார்த்தார்.
நான் கூரையில் கமராவைப் பார்த்தேன்.
இனி எங்கோ ஒரு காதுக்கருவியில்
"வழக்கு நல்லாக் கனிஞ்சிருக்கு" என்று கேட்கும்;
யாரோ என்னைக் கூப்பிட்டுக்
கையை உயர்த்தச் சொல்வார்கள்.

ஒரு பெட்டி வழக்கு வாங்கினேன்.
பழுக்க இன்னும் இரண்டு நாள் செல்லுமாம்.