சர்வரில் ஒரு நகலை விட்டு வை

மார்யூன் ஆட்டு மருத்துவர்.
மடிக்கணினியை என் மேசையில் வைக்கவில்லை,
கிடத்தினார்.
"மெயில் வருகிறது. வந்தது தெரிகிறது.
திறக்கப் போனால் இல்லை."

கிளாக்ஸ்விக்கில் மே மாதம்.
மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது,
இங்கே அது அப்படித்தான் பெய்யும்.

கேட்க வேண்டியதைக் கேட்டேன்.
கடவுச்சொல் சரி
(செத்துப்போன நாயின் பெயர், பின்னால் ஓர் ஏழு).
போர்ட் 993, சரி.
சான்றிதழ், சரி.
கணக்கை நீக்கிவிட்டு மறுபடி சேர்த்தேன்.
கோப்புறைகள் ஒவ்வொன்றாய் வந்து உட்கார்ந்தன:
வரைவுகள், அனுப்பியவை, குப்பை.
இன்பாக்ஸ் மட்டும்
கழுவிக் கவிழ்த்த பாத்திரம்.

நானே ஒன்று அனுப்பினேன்: "சோதனை."
வந்தது. தடித்த எழுத்தில் நின்றது.
தேநீருக்குத் தண்ணீர் வைத்துத் திரும்பினால்
காணோம்.
இன்னொன்று: "சோதனை 2, போகாதே."
அதுவும் போயிற்று.

கடிகாரம் வைத்துப் பார்த்தோம்.
பத்து நிமிடத்துக்கு ஒருமுறை.
திருடனுக்கு இத்தனை ஒழுங்கு இருக்காது என்றேன்.
"குடல்புழுவுக்கு இருக்கும்" என்றார் மார்யூன்.

உலாவியில் நுழைந்து பதிவேட்டைத் திறந்தேன்.
இன்னொரு ஆள் உள்ளே இருந்தார்.
போர்ட் 995, பழைய பாப் இணைப்பு.
வந்ததை எடு, எடுத்த இடத்தில் அழி,
அதற்குத் தெரிந்த அறம் அவ்வளவே.
மூன்று வாரமாக.
இதே ஊரிலிருந்து.

அவர் விரல் திரைமேல் நின்றது.
"என் பழைய கிளினிக்."

இப்போது அது டயர் கடை.
ரெக்வி கைகளைத் துடைத்துக்கொண்டு வந்தான்.
ஆமாம், பின்னறையில் ஒரு கணினி கிடந்தது,
ஆமாம், டயர் அளவு பார்க்கத் தட்டியெழுப்பினேன்,
அணைக்க மனம் வரவில்லை,
நன்றாகத்தானே ஓடுகிறது.

நன்றாகத்தான் ஓடியது.
டயர் பட்டியலுக்குப் பின்னால்
எட்டு ஆண்டு தூங்கி விழித்த மெயில் நிரல்
யாருக்காகவோ விசுவாசமாய்ச் சேர்த்துவைத்திருந்தது,
படிக்காதவை 214.
மருந்து கம்பெனி விலைகள்,
நகராட்சி அறிவிப்பு,
என் "சோதனை", என் "போகாதே."

சிமுன், ஃபூக்லோய் தீவு: ஐந்து.

முதலாவது மரியாதையோடு தொடங்கியது.
ஒரு பெண் ஆடு, குட்டி போட்டபின் எழவில்லை,
நேரமிருந்தால்.
இரண்டாவதில் அதே ஆடு, நேரமிருந்தால் இல்லை.
மூன்றாவதில் வணக்கம் இல்லை.
நான்காவதில் படகு நேரங்கள் மட்டும்.
ஐந்தாவதில் ஒன்றுமே இல்லை,
தலைப்பில் ஒரு சொல்:
"வேண்டாம்."
தேதி, நேற்று.

போன் செய்திருக்கலாமே, என்றேன்.
"குட்டி போடும் மாதம்.
நான் தூங்கினாலும் தூங்குவேன் என்று
எழுதும் ஆள் அவர்."

வெளியே போய் டயர் அடுக்கில் சாய்ந்து
எண்ணை அழுத்தினார்.
நான் பின்னறையில்
விருப்பங்கள், கணக்கு, சர்வர் என்று
அடுக்கடுக்காய்த் தோண்டிப் போனேன்.
அடியில் இருந்தது அந்தச் சின்னச் சதுரம்.
எட்டு ஆண்டு முன் ஒருவர், அநேகமாக நான்,
டிக் செய்ய மறந்தது.
'சர்வரில் ஒரு நகலை விட்டு வை.'

அவரிடம் இதைச் சொல்லவில்லை.
பில்லும் போடவில்லை.

214ஐயும் இழுத்து மறுபடி மேலே ஏற்றினேன்.
ஆமை வேகம். ஒரு பச்சைக் கோடு.
பாதியில் அதற்குப் பத்து நிமிடம் ஆனது;
பழக்க தோஷம், போய்ப் பார்த்து வந்து
'புதியது ஏதுமில்லை' என்றது.

வெளியே இன்னும் மணி அடித்துக்கொண்டிருந்தது.
பிறகு மார்யூனின் குரல், தணிந்து,
மன்னிப்புப் போல் ஏதோ.
பிறகு நீண்ட இடைவெளி, மழை.
பிறகு,
"எந்தக் காலை ஊன்றுகிறது?"

ஊன்றுகிறது.
நிகழ்காலத்தில்தான் கேட்டார்.
ரெக்வியும் கேட்டிருக்க வேண்டும்,
சுத்தியலைச் சத்தமில்லாமல் கீழே வைத்தான்.