அழுத்தம் ஐம்பது

வாசற்கதவை விரியத் திறந்து
சட்டத்தில் சிவப்புத் துணியை இழுத்துக் கட்டி
நடுவே விசிறியைப் பொருத்தினேன்.
உள்ளிருக்கும் காற்றை வெளியே உறிஞ்சும் விசிறி.
ஐம்பது பாஸ்கல்.
வீடு வயிற்றை எக்கிக்கொண்டது.

விண்டர்த்தூர். நவம்பர்.
சுவருக்குள் வைக்கோல், மேலே களிமண் பூச்சு,
கூரைக்கு ஆட்டுரோமம்.
இருப்பதை எல்லோரும் பார்த்துவிட்டுப் போய்விட்டார்கள்.
இல்லாததைப் பார்க்கத்தான் எனக்குச் சம்பளம்.
ஒரு மணி நேரத்தில்
வீட்டுக் காற்றில் பத்தில் ஆறு பங்கு கசியலாம்.
அதற்குமேல் போனால் சான்றிதழ் இல்லை.

திரையில் புள்ளி ஒன்பது.

புகைக்குச்சியோடு புறப்பட்டேன்.
குளியலறையில் தண்ணீர் ஊற்ற மறந்த வடிகால்:
புள்ளி எட்டு.
மின்பெட்டிக்குள் வாய் பிளந்த குழாய்.
"நான் அடைச்சனான், அக்கா" என்று
தொலைபேசியில் சத்தியம் செய்தான் கிருபானந்தன்.
புகை அவன் சத்தியத்தைச் சுழற்றி என் மூக்கில் வீசியது.
அடைத்தேன். புள்ளி ஏழு.
மாடிப்படிக்குக் கீழே, உத்திரம் சுவருக்குள் நுழையும் இடத்தில்
நகக்கண் அளவு இடைவெளி,
ஒட்டுநாடா மூன்று சுற்று.
புள்ளி ஆறு இரண்டு.

அந்த இரண்டு எங்கே?

மதியம் கடந்தது. நான்காம் யன்னலருகே
புகை நின்றது, தயங்கியது,
சட்டென்று என் பக்கம் திரும்பியது.

ஃப்ளூரினாவின் பெருமை அந்த யன்னல்கள்.
சாங்க்ட் காலனில் இடித்த பூத்தையல் ஆலையிலிருந்து
பதினான்கு சட்டங்களைக் குப்பைக்குப் போகுமுன் மறித்து
இரண்டிரண்டாய் முன்பின் அடுக்கியிருந்தாள்.
புதுக் கண்ணாடி உருக்க எரியும் வாயுவை
ஒரு வீடு எத்தனை குளிர்காலத்தில் மிச்சம் பிடிக்கும்,
சொல்லு, என்பாள்.
என் கருவிக்கு அந்தக் கேள்வி காதில் விழாது.

யன்னலைத் திறந்தேன்.
மூடினால் மறைந்துவிடும் விளிம்பில்,
றப்பர் படிய வேண்டிய இடத்தில்,
கத்தியால் செதுக்கிய இரண்டு எழுத்துகள்.
எம். ஆர்.
கீழே 1971.
வேலை நேரத்தில் திறந்து, செதுக்கி,
மூடிவிட்டுத் தறிக்குத் திரும்பியிருக்க வேண்டும்.
ஆரின் கால் மட்டும் ஆழம் கூட.
கை நடுங்கியதோ, மேற்பார்வையாளர் வந்தாரோ.
காற்று அந்தக் காலடியால்தான் வந்துகொண்டிருந்தது.

தச்சன் யோஸ்ட் இழைப்புளியை எடுத்தான்.
ஒரே இழை, போய்விடும் என்றான்.
ஃப்ளூரினா பேசவில்லை. என்னைப் பார்த்தாள்.
நான் அறிக்கையைப் பார்த்தேன்.
'காரணம்' என்ற கட்டத்தில் ஒரு வரிக்குத்தான் இடம்.

தேன்மெழுகு இருக்கிறதா என்று கேட்டேன்.

உருக்கி, ஊற்றி, விரலால் வழித்து, ஆறவிட்டு
விசிறியை மறுபடி முடுக்கினேன்.
புள்ளி ஆறு. மயிரிழை கூட மிச்சமில்லை.
மஞ்சளுக்குள் இரண்டு எழுத்தும் தெரிந்தன.
எத்தனை கோடை தாங்குமோ,
அதற்கு அறிக்கையில் கட்டம் கிடையாது.
'யன்னல் நான்கு: பழைய கீறல், அடைக்கப்பட்டது'
என்று எழுதிக் கையொப்பமிட்டேன்.

துணியை மடித்துப் பையில் வைக்கையில்
யோஸ்ட் அதே யன்னலை அகலத் திறந்து
சிகரட் பற்றவைத்தான்.