நிரை பதினான்கு

படிவம் கொழும்பிலிருந்து வந்தது.
இடம் என்ற கட்டத்தில் திருகோணமலை என்று மட்டும் அச்சு.
நிரல்கள் ஒன்பது, நிரைகள் முப்பத்தொன்று.
போன வருடம் நிரப்பியவர்
அதற்கு முந்தின வருடத்தைப் பார்த்து எழுதியிருக்கிறார்:
அதே எழுத்துப்பிழை, அதே மூன்றுகள்,
பொறுப்பாளர் என்ற இடத்தில்
கட்டாருக்குப் போய்விட்ட நிமலதாசன்.
தோகாவில் இருந்துகொண்டு
அவன்தான் இன்னும்
எங்கள் அமோனியாக் குழாய்களைக் கவனிக்கிறான்.

கொட்பே. விடியப்புறம் மூன்றே முக்கால்.
ஐஸ் ஆலைக்குள் கிளிப்போர்டோடு நிற்கிறேன்.
நெடுநாள் படகு இரண்டு கட்டியாயிற்று,
இன்னும் ஆறு வருகுதாம்.

நிகழக்கூடிய தன்மைக்கு ஐந்து பெட்டி.
ஒன்று என்றால் அரிது.
அரிது என்றால், அடிக்குறிப்பு சொல்கிறது,
பத்து வருடத்தில் ஒரு தடவை, அல்லது அதிலும் குறைவு.
வாசித்துக் காட்டினேன்.
ஜவ்பர் காக்கா சிரித்தார்:
"கடல் ஊருக்குள்ள வந்ததும் இந்தப் பெட்டிதானா மிஸ்?"
"செல் விழுந்தது?" என்றான் வின்சன்.
மூதூரில் அப்போது அவனுக்கு நாலு வயது.
அடிக்குறிப்பைத் திரும்ப வாசித்தேன்.
இவர்களைக் கேட்டு எழுதினதல்ல அது.

நிரை பதினான்கு: ஐஸ் உடைக்கும் இயந்திரம்.
பாதுகாப்பு வலை உண்டா? உண்டு.
சுவரில் சாய்ந்திருக்கிறது,
அதன்மேல் யாருடையதோ துவாய் காய்கிறது.
போல்ட்டு நாலும் துருவாய்ப் போனபின்
கொஞ்சநாள் நைலோன் நூலால் கட்டினார்களாம்.
வலை இருந்தால் கட்டி சிக்கும்,
சிக்கினால் கம்பியால் குத்தவேணும்,
குத்தினால் நேரம் போகும்,
நேரம் போனால் படகுக்காரன் மற்ற ஆலைக்குப் போவான்.
இதற்கு ஒரு நிரலும் இல்லை.
ஓரத்தில் பொடி எழுத்தில் எழுதினேன்.

சம்பவம் ஏதும்?
"இல்லை" என்றான் வின்சன்.
சொன்னபடியே இடக்கையைப் பைக்குள் விட்டான்.
ஜவ்பர் காக்கா லொக்கரைத் திறந்து
ஒரு கையுறை கொண்டுவந்தார்.
மஞ்சள் றப்பர். மூன்று விரல்.
மற்ற இரண்டும் ஐஸோடு ஐஸாய்
எந்தப் படகின் சூரைக்கு அடியில் கடலுக்குப் போனதோ.
"பெரிய சைஸ், மிஸ். அதாலதான் தப்பினான்.
அளவானது குடுத்திருந்தா விரல் போயிருக்கும்."
கொம்பனி எல்லோருக்கும் ஒரே அளவுதான் வாங்குகிறது.
அளவு பிழைத்ததைக்
கட்டுப்பாட்டு நடவடிக்கை என்று பதியலாமா?

தன்மை நாலு, கடுமை ஐந்து. இருபது.
இருபது சிவப்பு. சிவப்பென்றால் இயந்திரத்தை நிறுத்தவேணும்.

முகாமையாளர் குணநாயகம் கெட்டவர் இல்லை.
பிளேன்ரீ ஊற்றித் தந்துவிட்டுத்தான் சொன்னார்:
"நாலை இரண்டாக்குங்கோ. பத்து, மஞ்சள்.
வெள்ளிக்கிழமை ஓடிற்றர் வாறார்,
மஞ்சளைக் கண்டா சாப்பிடப் போயிடுவார்."
பென்சிலும் தந்தார்.

பேனாவால் எழுதினேன்.
வீரமெல்லாம் இல்லை, இருபதின் சுழியம்
கோணிப்போய்விட்டது.
கையுறையில் துளை போட்டுக் கோப்பில் கோர்த்தேன்.
கோப்பு இப்போது மூடுவதாயில்லை.

என்.சி. வீதியில் போல்ட்டு நாலு,
வொஷரோடு அறுநூற்றெண்பது ரூபாய், என் காசு.
திரும்பி வரும்போது பஸ் நிலையத்தடியில்
புள்ளிமான் ஒன்று
கடதாசி மட்டையை ஆறுதலாய் மென்றுகொண்டு நின்றது.
போன வருடத்துப் படிவம் பைக்குள் இருந்தது.
கொடுத்தால் என்ன என்று ஒருகணம்.
ஆவணங்களை ஐந்து வருடம் வைத்திருக்கவேணும்.

எஞ்சிய அபாயம்.
வலை பூட்டியாயிற்று. ஆறு படகும் ஒன்றாய் வந்தால்
வின்சன் கழற்றுவானா?
ஸ்பானர் அவனிடம்தான்.
கேட்டேன். மாட்டேன் என்று அவன் சொல்லவில்லை.
"கண்ணைப் பெரிசாக்கி, ஒரு முழம் உயர்த்திக் கட்டினா
கட்டியும் சிக்காது, கையும் எட்டாது" என்று
படிவத்தின் பின்பக்கத்தில் கீறிக்காட்டினான்.
ஈரக்கை. மை பரவிவிட்டது.
அதைத் திருத்தி எழுதவில்லை.

மறுபரிசீலனை: அடுத்த வருடம் என்று அச்சடித்தே வருகிறது.
வெட்டிவிட்டு எழுதினேன்: நாளை, மூன்றே முக்கால்.

பொறுப்பாளர்:
நிமலதாசனை வெட்டினேன்.
வெறுங்கட்டத்தோடு
குணநாயகத்தின் மேசையில் வைத்தேன்.

பேனா தேடுகிறார்.