பூஜ்யத்தில் வாங்கிய அடி

ரிச்சி தெரு, இரண்டாம் மாடி, மே மாதம்.
பதினோரு வருஷம் கரண்ட்டையே காணாத ஆம்பிளிஃபயரைப்
பெரம்பூரிலிருந்து ஆட்டோவில் கொண்டுவந்தார் செல்வின்.
"ஒரே சுவிட்ச்சாப் போட்டுப் பாத்துடலாமே?"

கூடாது.
தூங்கிக் கிடந்த கெப்பாசிட்டர் வெடிக்கும்.
வேரியாக்கைப் பக்கத்தில் இழுத்தேன்.
இரும்பு வளையம், அதைச் சுற்றி ஒரே ஒரு செம்புக் கம்பி,
மேல்விளிம்பில் மட்டும் வார்னிஷ் சுரண்டிய பாதை,
அதன்மேல் ஊரும் ஒரு கரித்துண்டு.
எத்தனையாவது சுற்றில் நிற்கிறதோ
அதற்கேற்ற வோல்ட்.

முப்பது.
டீ வந்தது.
அறுபது.
நூற்றிருபதில் பழைய தூசி சூடாகும் வாசனை.
அந்நேரம் தெருவின் ஏசிகள் எல்லாம் சேர்ந்து உறும
சுவரில் வருவதே நூற்றுத் தொண்ணூறுதான்.
குமிழை இன்னும் கொஞ்சம் திருப்பினேன்.
வராத நாற்பதையும் சுற்றுகள் கூட்டிக் கொடுத்தன,
அதற்கான ஆம்பியரைச் சுவரிடமே கறந்துகொண்டு.
ஸ்பீக்கரில் மெலிதாய் ஓர் இரைச்சல்.
செல்வின் ஆறிய டீயைக் குடித்தார்.

குமிழைப் பூஜ்யத்துக்கு இறக்கி
ஃபியூஸைக் கழற்றக் கைவிட்டேன்.
முழங்கைவரை அடித்தது.

அப்புறம்தான் டெஸ்டரை எடுத்தேன்.
பிளக்பாயிண்டில் லைனும் நியூட்ரலும்
எந்தப் புண்ணியவானாலோ இடம் மாறியிருந்தன.
டயல் பொய் சொல்லவில்லை.
இரண்டு முனைக்கும் நடுவே வித்தியாசம் பூஜ்யம்,
இரண்டுமே தரையிலிருந்து
நூற்றுத் தொண்ணூறு உயரத்தில்
கூசாமல் நின்றன.

"ஆஃப் பண்ணிட்டுத்தானே சார் தொட்டீங்க?"

கையை உதறிக்கொண்டே சொன்னேன்:
"குறைச்சேன்.
அணைக்கலை."