பை

இடதுபுறம் திரும்பும்போது மட்டும்
ஹாரன் அடித்தது.
மூன்று வாரமாய் ஞானஒளிவுபுரம் சந்துகளில்
ஒரு இடது திருப்பத்துக்காகக் காத்திருந்து
ஆட்களை விலகச் சொன்னேன்.

ஸ்டீயரிங்குக்குள்ளே சுருள் சுருளாய் ஒரு நாடா இருக்கும்,
அது விட்டுப்போயிருக்கும் என்றான்
ஷார்ஜாவிலிருந்து ஆரோக்கியம்.
நீ கை வைக்காதே, பலூன் வெடிக்கும் என்றும்.

எனக்குத் தெரியாததா.
பெரியாஸ்பத்திரியில் ஒன்பது வருடம் இரவு வேலை.
நெஞ்சில் ஸ்டீயரிங் வட்டம்
ரத்தம் கட்டிப் பதிந்து வந்தவர்களின்
சட்டையைக் கத்தரித்திருக்கிறேன்.
முகமெல்லாம் வெள்ளைப் பொடியோடு,
மூக்குத்தண்டு உடைந்து,
உட்கார்ந்தபடி தண்ணீர் கேட்டவர்களையும் பார்த்திருக்கிறேன்.
இவர்கள் வீட்டுக்குப் போனார்கள்.

ஆகவே எனக்கு அதன்மேல் மரியாதை உண்டு.

சக்கரங்களை நேராக்கி, சாவியை உருவி,
பேட்டரியின் கறுப்பு முனையைப்
பத்தாம் நம்பர் ஸ்பேனரால் தளர்த்தி
ஒரு பழந்துணியைச் சுற்றி ஓரமாய் ஒதுக்கினேன்.
பிறகு காத்திருக்க வேண்டும்.
ஒயரைப் பிரித்த பிறகும் கொஞ்ச நேரம்
உள்ளே மின்சாரம் உட்கார்ந்திருக்குமாம்,
சண்டை ஓய்ந்த பிறகும்
அடுப்படியில் ஏனம் உருட்டுகிறவள் மாதிரி.
பத்து நிமிடம் போதும்.
நான் அரை மணி கொடுத்தேன்.
அதற்குள் ஒரு ரயில் போனது,
குழாயில் தண்ணீர் வந்தது, இரண்டு குடம் பிடித்தேன்.

ஜெசிந்தாவை கேட்டுக்கு அந்தப் பக்கம் நிறுத்தி
அங்கேயே நின்று எண்ணு என்றேன்.
எதை?
எதையாவது.

உடம்பில் ஒட்டிய மின்னைக்
கதவின் இரும்பைத் தொட்டு இறக்கிவிட்டு
ஸ்டீயரிங்கின் முதுகுத் துளையில் திருப்புளியை நுழைத்தேன்,
நெஞ்சை நேரே கொடுக்காமல்,
முகத்தைத் திருப்பிக்கொண்டு,
கோணலாய் உட்கார்ந்து.
டக்.
மறுபக்கம். டக்.

வெளியே எடுத்தால்
மூடி நம் உடம்பைப் பார்க்காதபடி ஏந்தி நடக்க வேண்டும்.
வானம் பார்க்கப் படுக்க வைக்க வேண்டும்.
குப்புறப் போட்டால், வெடிக்கிறபோது
அதுவே எழும்பிப் பறக்கும்.
இதற்கென்று முருங்கை நிழலில்
சாக்கு விரித்து வைத்திருந்தேன்.

கனமே இல்லை.

திருப்பிப் பார்த்தேன்.
மஞ்சள் பிளக் இருந்தது. அதன் வாயில்
மிளகுத் தண்டி ஒரு ரெசிஸ்டர்,
டேப் சுற்றி.
பை இருக்க வேண்டிய குழியில்
பை இருந்தது.
தாம்பூலப் பை.
நாலாய் மடித்து, ஆடாமல் அடைத்து.
ஹேமரூபா, காசிவிஸ்வன்.
வைகாசி மாதம், திருமங்கலம், ஏதோ மகால்.
உள்ளே ஒரு வெற்றிலைக் காம்பு, சருகாகி.

இரண்டு வருடம்.
சாவியைத் திருப்பும்போதெல்லாம்
மடியில் பந்து வைத்த அந்தச் சிவப்பு மனிதன் எரிந்து,
ஆறு எண்ணுவதற்குள் அணைந்து,
எல்லாம் சரியாக இருக்கிறது என்றான்.
அவனை நம்பித்தான்
கப்பலூர் டோல் தாண்டி நூற்றுப் பத்தில் போனேன்,
ஜெசிந்தா பின்சீட்டில் வாய் திறந்து தூங்க.

இந்த வண்டியில் ஒருமுறை வெடித்திருக்கிறது.
யாரோ வெள்ளைப் பொடியோடு இறங்கியிருக்கிறார்கள்,
இல்லையென்றால் இறக்கியிருக்கிறார்கள்.
அந்தக் கையில் நரம்பு தேடியவள்
நானாகக்கூட இருக்கலாம்.
அதன்பிறகு ஒருவன் கல்யாணத்துக்குப் போய்,
மொய் எழுதிச் சாப்பிட்டு,
தேங்காயை வீட்டில் கொடுத்துவிட்டு
பையைப் பட்டறைக்கு எடுத்து வந்திருக்கிறான்.
என்ன நேர்த்தியாக மடித்திருக்கிறான்.

இருநூற்றுப் பதினொன்று, வரட்டுமா என்றாள் ஜெசிந்தா.
வா.
வந்ததும் பையைத்தான் எடுத்தாள்.
எழுத்துக் கூட்டிப் படித்தாள்.
யாரு கல்யாணம்மா? நாம போனோமா?

போகலை என்றேன்.
வெறும் மூடியை
முறைப்படி, இரண்டு கையால் ஏந்திப் போய்,
வானம் பார்க்க
சாக்கின் மேல் வைத்தேன்.