புறமுதுகு

ஆறு பருவம் உன் முதுகைத்தான் பார்த்தேன், ராடோவான்.
முகமெல்லாம் உடைமாற்றும் அறையில், பஸ்ஸில்,
ராக்ஃபோர்டு தாண்டி இரவு இரண்டு மணிக்கு
பெட்ரோல் பங்கில் ஆறிப்போன பீட்சா தின்கையில்.
ஆட்டத்தில் எனக்கு வாய்த்தது
ஹ்ரிவ்னாக் என்ற ஏழு ஆங்கில எழுத்தும்
அதன்கீழ் ஒரு நாற்பத்து நாலும்.

கோல் அடிப்பவர்கள் முன்னோக்கிப் பாய்ந்து பேர் வாங்குகிறார்கள்.
உன் பிழைப்பு பின்னோக்கி.
வருகிறவனின் இடுப்பிலேயே கண் வைத்து
(கண் பொய் சொல்லும், மட்டை பொய் சொல்லும்,
இடுப்புக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது என்பாய்)
நீலக் கோட்டிலிருந்து என்னை நோக்கி
வழுக்கிக்கொண்டே வருவாய்.
இருட்டில் சுவரைத் துழாவுகிறவன் போல
மட்டையைப் பின்னால் நீட்டி
என் கம்பத்தை ஒருமுறை தட்டுவாய்.
டக்.
இருக்கிறேன், என்பேன்.

பின்வாங்குவது கோழைத்தனமாம், புறமுதுகாம்.
உன்னளவு பின்வாங்கியவனை நான் கண்டதில்லை.
உன் காயங்களையும் எண்ணியிருக்கிறேன்:
தாடை, இரண்டு விலா, இடது கணுக்கால்,
பக் வந்து மோதிய இடத்தில்
ஒரு மாதம் மஞ்சளாகவே கிடந்த தொடை.
எல்லாம் முன்பக்கம்.
முதுகில் ஒரு கீறல் இல்லை.
எனக்குத் தெரியாதா,
அதைத்தானே பார்த்துக்கொண்டிருந்தேன்.

தாடைக்குக் கம்பி கட்டிய வாரம்
ஸ்லாட்டிட்சா முட்டைக்கோஸ் சூப்பை வடிகட்டி
ஸ்ட்ராவில் கொடுத்தாள்.
நீ உறிஞ்சும் சத்தத்தில் நான் சிரித்ததற்கு
என்னை வீட்டைவிட்டு வெளியே அனுப்பினாள்.

ஒரு ஜனவரியில் மேல் லீக்கிலிருந்து கூப்பிட்டார்கள்.
பதினோரு ஆட்டம். கோல் இல்லை.
கணக்கில் ஒரே ஓர் உதவி,
அதுவும் உன் ஸ்கேட்டில் பட்டுத் தெறித்தது.
பன்னிரண்டாவது நாள் காலை
ஹோட்டல் கதவுக்கடியில் விமான டிக்கெட்.
திரும்பி வந்து நீ சொன்னது இவ்வளவுதான்:
அங்கே துண்டெல்லாம் சூடாகத் தருகிறார்கள்.

கோபமும் உண்டு உன்மேல்.
மில்வாக்கியில் என் கண்ணுக்கு நேரே நின்று மறைத்தாய்;
பக் வலைக்குள் போன சத்தம்தான் கேட்டது.
ஏட்டில் அது நான் விட்ட கோல்.
மன்னிப்புக் கேட்கவில்லை நீ.
அன்றிரவு என் பையையும் சேர்த்துத் தூக்கிக்கொண்டு
பனிக்கட்டியில் சறுக்காமல் பஸ் வரை நடந்தாய்,
ஒரு வார்த்தை பேசாமல்.

பிறகு உன்னைக் கொடுத்துவிட்டார்கள்.
யாருக்குப் பதிலாக என்று கேட்டேன்.
யாருக்கும் இல்லை,
'பிற்பாடு பார்த்துக்கொள்ளலாம்' என்ற ஒரு வரிக்கு.

அடுத்த நவம்பர், எதிரணிச் சட்டையில் வந்தாய்.
தண்டனைப் பெட்டியிலிருந்து நீ வெளியே கால் வைத்த நொடி
எங்கிருந்தோ பக் உன் மட்டையில் வந்து ஒட்டியது.
உன் முன்னால் ஒருவருமில்லை.
நான் மட்டும்.

அப்போதுதான் பார்த்தேன், ஆட்டத்தில் உன் முகத்தை.
மூன்று பல் இல்லாத வாய் திறந்திருந்தது.
இவ்வளவு வெட்டவெளியை என்ன செய்வதென்று தெரியாமல்
விழித்துக்கொண்டு வந்தாய்.
மட்டை வலது என்றது. கண்ணும் வலது என்றது.
நான் இடுப்பைப் பார்த்தேன்.
இடது பக்கம் விழுந்தேன்.
பக் என் கையுறைக்குள், சுடச்சுட.

நிற்கத் தெரியாமல் என்னைத் தாண்டிப் போகையில்
கம்பத்தைத் தட்டினாய்.
டக்.
பழக்கதோஷம், வாய் திறந்துவிட்டேன்.
இருக்கிறேன்.

இப்போது போப்ராடில் டயர் கடை வைத்திருக்கிறாயாம்.
முழங்கால் இரண்டும் போய்விட்டனவாம்,
மாடிப்படியில் கைப்பிடியைப் பற்றிக்கொண்டு
பின்னோக்கியேதான் இறங்குகிறாயாம்.
ஸ்லாட்டிட்சா எழுதியிருக்கிறாள்.
கீழ்ப்படியில் யார் நிற்கிறார்கள் என்று
எழுதவில்லை.